இஞ்ஞாசிமுத்துவின் இரண்டாம் எண் ஜெனரேட்டர்

கம்பம் நகருக்கு வடக்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே உள்ள ஒரு கத்தோலிக்கச் சிற்றூரில் டீசல் மெக்கானிக்காக இருக்கிறார் இஞ்ஞாசிமுத்து. வயது ஐம்பத்து மூன்று. அவரிடம் நீல அட்டை போட்ட நீண்ட நோட்டு ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஐந்து கட்டங்கள்: தேதி, ஊர், தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், காரணம். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் இறந்தவரின் பெயர் இருக்கும்.

2018இல் ராணுவம் கழித்துவிட்ட இரண்டு டீசல் ஜெனரேட்டர்களை ஏலத்தில் எடுத்து லாரியில் கொண்டுவந்து, முதல் எண், இரண்டாம் எண் என்று பெயரிட்டார். பச்சை வண்ணம், இரும்புச் சட்டம், தூக்குவதற்கு நான்கு வளையங்கள். பல ஆண்டுகள் மழையில் கிடந்தவை. கெட்டுப்போன டீசலை வடித்து, இறுகிப்போன பம்பைப் பிரித்து, எலி கடித்த வயர்களை மாற்றி, முதல் எண்ணை ஓடவைக்கப் பதினேழு நாட்கள் ஆயின. இரண்டாம் எண்ணுக்கு நாற்பத்தொரு நாட்கள்.

இப்பகுதியில் ஜெனரேட்டர் என்றால் கோயில் சப்பரத்து விளக்குதான். ஆகவே இரண்டாம் எண்ணையும் அவர் திருவிழாச் சப்பரத்துக்குப் பின்னால் ஒரு வண்டியில் ஏற்றி, விளக்குகளைக் கொண்டே சோதித்தார். எல்லாம் எரிந்தன. மறுநாள் பொது விருந்துக்கு மாவாட்டும் கிரைண்டரை அதில் மாட்டியபோது மோட்டார் சுற்றவில்லை. உறுமி, புகைந்து, கருகியது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி கொண்டது. ரேடார் போன்ற ராணுவக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட இந்த இயந்திரம் நானூறு தந்தது. விளக்கு அதைப் பொருட்படுத்தவில்லை, மோட்டாரால் முடியவில்லை. தகட்டில் 400 என்று பொறித்திருந்ததை அவர் வோல்ட் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இது மாவாட்டுறதுக்கு இல்ல, ஏவுகணை விடுறதுக்கு. பாகிஸ்தானுக்குப் போன் போட்டுக் கேளுங்க, மாவு கொண்டாருவாக" என்று அவருடைய மனைவியின் தம்பி அமல்ராஜ் ஊர் முன்னால் சொன்னார். இரண்டாம் எண் அன்றிலிருந்து கொல்லையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது.

வழக்கமான ஐம்பது சுழற்சியே தந்த முதல் எண்ணுக்கு வேலை வந்தது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலைக் காக்கும் ஃப்ரீசர் பெட்டி ஒன்றைப் பங்குக் கோயிலின் இளைஞர் மன்றம் வாங்கியது. கரண்ட் போனாலும் பெட்டி நிற்கக் கூடாது என்பதால் முதல் எண்ணும் அதனோடு போனது. சுற்று ஊர்களில் வேறு பெட்டிகளுக்கும் அதையே கூப்பிட்டார்கள். நோட்டில் ஆறு ஆண்டுகளில் இருநூற்றுப் பதினான்கு வரிகள் உள்ளன.

2024 ஜூலை 9, செவ்வாய் மாலை, அவர் மனைவி ஆரோக்கியம்மாள் அரசு மருத்துவமனையில் இறந்தார். மூளையில் ரத்தக்கசிவு. ஒரே மகள் ஜெசி மஸ்கட்டில் நர்ஸ். மறுநாள் காலை கொச்சியில் இறங்கி, குமுளி வழியாக நான்கு மணிக்கு மேல் வந்துவிடுவதாகச் சொன்னாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அடக்கம் செய்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவள் கேட்டது. உடல் பெட்டியில் வைக்கப்பட்டது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பலத்த காற்றில் புளியமரம் ஒன்று மின்கம்பியின் மேல் விழுந்தது. மின்வாரியத்தில் சாயங்காலம் ஆகும் என்றார்கள். முதல் எண் அன்று குச்சனூரில், வேறொரு துக்க வீட்டில் இருந்தது.

"வண்டிய அனுப்பி எடுத்தாருவோம் மச்சான். நம்ம மிஷின்தானே?" என்றார் அமல்ராஜ்.

"அங்கன ஒரு ஆத்தா கெடக்கு. அவுக மகன் இன்னும் வரல" என்றார் இஞ்ஞாசிமுத்து. பிறகு எழுந்து கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினார்.

எஞ்சினோடு சேர்ந்து மின்சாரம் உண்டாக்கும் நானூறு சுழற்சி ஆல்டர்னேட்டரை ஆறு மாதங்களுக்கு முன்பே கழற்றியிருந்தார். மூடிய மாவு மில் ஒன்றிலிருந்து சாதாரண ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி, பக்கத்தில் இறுக்கியும் வைத்திருந்தார். உத்தமபாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் முத்துராஜா இரண்டையும் பெல்ட்டால் இணைக்கும் புல்லிச் சக்கரங்களைக் கடைந்து கொடுத்திருந்தார். பெல்ட் மட்டும் இல்லை. முத்துராஜா எண்ணெய் மில் வைத்திருக்கும் சங்கிலி என்பவரிடம் பெல்ட் கேட்டு ஓடினார்.

"கரண்டு இல்லாம மில்லு சும்மாதான் நிக்குது, கழட்டிக்கங்க. தேங்கா எண்ணெ மணக்கும், பரவாயில்லையா?" என்றார் சங்கிலி.

வீட்டுக்குள் செபமாலை தொடங்கியிருந்தது. இறந்தவளின் தலைமாட்டில் கணவன் இருப்பது அங்கே வழக்கம். எதிர்வீட்டு அன்னத்தாய் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்து, "உள்ள பொண்டாட்டி கெடக்கா, இவுக மிஷினக் கட்டிக்கிட்டு நிக்காக. மனுசந்தானா இவுக?" என்றார். இஞ்ஞாசிமுத்து நிமிரவில்லை. பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் கேட்டார்.

10.42க்கு எஞ்சின் ஓடியது. பெட்டியின் கம்ப்ரசர் முனக ஆரம்பித்தது. ஆனால் வேகத்தைத் தானாகச் சீராக்கும் கவர்னர் என்ற கருவி பழைய ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே வேலை செய்வது; அதைக் கழற்றியதும் அந்த வசதி போய்விட்டது. கம்ப்ரசர் சுற்றத் தொடங்கும்போது எஞ்சின் இழுக்கத் திணறும், நிற்கும்போது சீறும். மீட்டரின் முள்ளை 230 வோல்ட்டில் நிறுத்த, ஒருவர் ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கிரைண்டருக்கு நேர்ந்தது பெட்டிக்கும் நேரும்.

"கொடுங்கண்ணே, நான் பிடிக்கேன். நீங்க போய் அண்ணி பக்கத்துல உக்காருங்க" என்று முத்துராஜா நான்கு முறை கேட்டார். முதல் முறை இஞ்ஞாசிமுத்து கொடுத்தார். முள் 270ஐத் தொட்டது. மற்ற மூன்று முறையும் தலையை அசைத்து மறுத்தார். நண்பகலில் காபி வந்தது; இடது கையால் குடித்தார். மாமனார் வீட்டார் உடலின் மேல் போர்த்தும் கோடித் துணியோடு வந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து கூப்பிட்டார். "போடச் சொல்லுங்க" என்றார் இஞ்ஞாசிமுத்து.

4.20க்கு ஜெசி வந்தாள். உள்ளே அழுகை உயர்ந்து, நெடுநேரம் கழித்துத் தணிந்தது. அதன் பிறகு அவள் கொல்லைக்கு வந்து எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அப்பா, வாங்க. அம்மாவப் பாக்க வாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"மொகம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா. தூங்குற மாதிரி."

"அப்பச் சரி."

உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றிவிட்டதாக அமல்ராஜ் வந்து சொன்ன பிறகே, 5.05க்கு, அவர் எஞ்சினை நிறுத்தினார். விரல்கள் உடனே விரியவில்லை. முத்துராஜா ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். இஞ்ஞாசிமுத்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போனார். மூடி சாத்துவதற்கு முன் தலைமாட்டில் நின்றார், நெற்றியில் சிலுவை வரைந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்கு அது நினைவில்லை. மனைவியின் முகத்தை நினைக்கும்போது மீட்டரின் முள் வருகிறது என்று ஒருமுறை சொன்னார். சொன்ன குரலில் வருத்தம் தெரியவில்லை. வேறு எதுவும் தெரியவில்லை.

நோட்டில் அன்றைய வரி மற்ற வரிகளைப் போலவே அதே நீல மையில் இருக்கிறது. தேதி 10.7.2024. தொடங்கியது 10.42. நிறுத்தியது 5.05. ஊர் என்ற கட்டம் காலி. காரணம் என்ற இடத்தில் பெயர் இல்லை. 'வீடு' என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த வரி நான்கு நாட்களுக்குப் பிந்தையது. இரண்டாம் எண்; தேவதானப்பட்டி; பதினோரு மணி நேரம். காரணத்தில் ஒரு மூதாட்டியின் பெயர், அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில்: 'கவர்னர் மாட்டியாச்சு. கை வேண்டாம்.'