கேட்காமல் வந்த பதில்

டிவியில் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஓடினால் காரைக்கால் பக்கம் எங்கள் கோட்டுச்சேரியில் யாரும் உடனே சந்தோஷப்பட மாட்டோம். "நமக்கா, அவங்களுக்கா?" என்று கேட்போம். டிவி சென்னையிலிருந்து பேசுகிறது. நாங்கள் இருப்பது புதுச்சேரி அரசின் கீழ். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள். பேசப் பழகும்போதே இந்தக் கேள்வியும் எங்களுக்கு வந்துவிடும்.

என் மகளுக்கு நர்சிங் சேர வேண்டும். வேறு ஆசையே கிடையாது அவளுக்கு. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று போனில் தேடினாள். முன்பெல்லாம் நாலைந்து வெப்சைட் வரும், எது எந்த அரசினுடையது என்று பார்த்துத் தொடுவாள். அந்த வாரம் பிரவுசர் தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. யார் கேட்டார்கள்? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டி, அதில் ஏஐ எழுதிய பதில். காரைக்கால் மாணவர்களுக்கு இம்மாதக் கடைசிவரை அவகாசம் உண்டு என்று அழகான தமிழில் இருந்தது.

காரைக்கால் என்றே பேர் சொல்லிவிட்டதே, அப்புறம் நமக்கா அவங்களுக்கா என்று எவள் கேட்பாள்? விண்ணப்பத்தோடு வைக்கக் குடியிருப்புச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று இருந்தோம்.

வந்ததும் தலத்தெரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கடைக்காரத் தம்பி புதுச்சேரி அரசின் பக்கத்தைத் திறந்தார். கடைசித் தேதி போன வாரமே முடிந்திருந்தது. பெட்டி சொன்னது தமிழ்நாட்டுத் தேதி. அதன்மேல் எங்கள் ஊர்ப் பேரை ஒட்டி வைத்திருக்கிறது, பாழாய்ப்போனது. சரி, தமிழ்நாட்டிலேயே போட்டுப் பார்க்கலாமா என்றேன்.

"அங்க நாம வெளிமாநிலம்க்கா" என்றார் தம்பி.

மகள் போனை வாங்கி அவரிடம் நீட்டினேன். அந்தப் பெட்டிச் சனியனை எடுத்துவிடச் சொன்னேன். எங்கெங்கோ போய்த் தேடி அணைத்துக் கொடுத்தார். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாதவள் போனில் அது ஏன் குடியேற வேண்டும் என்று அவரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்துவிடும் என்றார். வந்தது. போய்ச் சண்டை போட ஒரு வாசல்கூட இல்லை.

மகள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் மத்தியானம் எட்டிப் பார்த்தால் அதே பெட்டியில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள், நர்சிங் கிடைக்காதவர்கள் வேறு என்ன படிக்கலாம் என்று. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அதுகிட்டயே போய்க் கேக்குறியேடி?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "வேற யார்கிட்டம்மா கேக்குறது? உனக்குத் தெரியுமா?"