மை வெளுத்த அட்டை

பள்ளிவாசல் கரும்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதில் எனக்குப் பெரிய குஷி. தலத்தெரு போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்திப் படிப்பேன். போன வெள்ளிக்கிழமை முதல் சொல்லிலேயே மூன்று புள்ளி எழுத்து. 'வஃபாத்' என்று கூட்டிவிட்டேன். அடுத்து 'ஜு, னை, தா'. முடித்த பிறகுதான் உறைத்தது. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் இறந்துபோனதை அந்த எழுத்தாலேயே படித்திருக்கிறேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் ஜுனைதா மேடத்திடம் தாவரவியல் படித்தவர்கள். நான் கல்லூரித் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றியவன். அவர் நிலவேம்புத் தொட்டிகளை இரண்டு வரிசையாக வைத்திருந்தார். ஒன்று திறந்த வெயிலில். மற்றதன் மேல் கண்ணாடி போல ஒரு தாள். எதற்கு என்று கேட்டேன்.

"வெயில்ல கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒண்ணு இருக்குண்ணே, புற ஊதாக் கதிர். இந்தத் தாள் அதத் தடுத்துடும். அது பட்டா எலைக்குள்ள துரு ஏறுற மாதிரி ஒரு கேடு. நாம நெழலுக்கு ஓடிடுவோம், செடி எங்க ஓடும்? நின்ன எடத்துலயே அதுக்கு மருந்து பண்ணிக்குது. எவ்வளவு பண்ணுது, எப்பத் தோத்துப்போவுதுன்னு பாக்குறேன்."

அன்றிலிருந்து இரண்டு வரிசையிலும் இலை கிள்ளி மென்று பார்த்தேன். ஒரே கசப்பு. "நாக்கு பத்தாதுண்ணே, கருவி வேணும். செடிய மொட்டையாக்கிடாதீங்க" என்பார்.

ஒருநாள் பாசி பிடித்த தரையைக் கழுவத் தொட்டிகளை நகர்த்தினேன். திருப்பி வைக்கும்போது எது எந்த வரிசை என்று தெரியவில்லை. தொட்டிகளில் செருகியிருந்த எல்லா அட்டையிலும் ஒரே செடிப் பெயர், ஒரே தேதிதான் என்று பிறகு மேடம் சொன்னார். நாலு மாத உழைப்பு. பேசாமல் வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மேடம் வந்ததும் சொல்லிவிட்டேன். வெயில் பட்டால் இலை சிவக்கிறதே, சிவந்ததை எல்லாம் வெயில் பக்கம் வைத்துவிடலாமே என்றேன்.

"எலையப் பாத்துப் பிரிச்சா, வேணுங்குற பதில நாமளே எழுதிக்கிட்ட மாதிரிண்ணே" என்று சொல்லி, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடக் குனிந்தார்.

அப்போது அட்டைகளைப் பார்த்தேன். அன்று படிக்கத் தெரியாத எனக்கு அவை எழுத்து இல்லை, வெறும் மைக்கோடு. சிலதில் கோடு கறுப்பாக இருந்தது, சிலதில் வெளுத்திருந்தது. சொன்னேன். மேடம் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தார். வெளுத்தவை வெயில் வரிசை. கறுப்பாக நின்றவை தாளுக்குக் கீழே இருந்தவை. இலையை வாட்டிய கதிர் மையையும் தின்றிருந்தது.

"நாங்க எழுதுனதத்தான் படிப்போம். நீங்க அழிஞ்சதப் படிச்சிட்டீங்க. மிச்சத்தையும் படிச்சிடுங்கண்ணே" என்றார்.

மறுநாள் சிலேட்டு வந்தது. அறுபத்தெட்டு வயதில் நான் எழுதிய முதல் சொல் நிலவேம்பு. "செடி பூத்துடுச்சு, ஒங்க 'பு' இன்னும் நிமிரலையே" என்று கேலி செய்வார். கடைசியில் கருவி பதில் சொன்னது: வெயில் வரிசையில் இலை சின்னது, ஆனால் மருந்து கூடுதல். எந்த அளவில் தோற்கும் என்பதை அடுத்த விதைப்புப் பட்டத்தில் பார்க்க இருந்தார்.

வெளுத்த அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, போலகத்தில் என் வீட்டு ஜன்னலில், வெயில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு கோடும் இல்லை. தினமும் அதைப் படிக்கிறேன்.