கூரை இல்லாத பெட்டி

என் மனைவி ஒருமுறைகூட ரயிலில் ஏறியதில்லை. இதை நான் வெளியில் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அவளைக் கட்டிக்கொண்டவன் வாழ்நாளில் பாதியை வீட்டுக்குள் ரயில் கட்டுவதிலேயே கழித்தவன்.

ஐம்பதுகளின் கடைசியில் போர்ட் பிளேருக்கு வந்தேன். ஓர் அரசாங்க ஆபீசில் வரைபடம் போடும் வேலை. பகலெல்லாம் ரோடும் பாலமும் வரைவேன். வீட்டுக்கு வந்தால் என்ஜினும் பெட்டியும். மதுரைக்குப் பக்கத்தில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் பிறந்தவன் நான், வண்டிச் சத்தம் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. தீவில் வண்டிக்கு எங்கே போவது? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று சொல்லிக்கொண்டு பொம்மை ரயில் கட்ட உட்கார்ந்துவிட்டேன். பொம்மை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அது 'மாடல்'. நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. ஓர் ஆணி கூடினாலும் எனக்குப் பொறுக்காது.

கிட் என்று வந்தவை எல்லாம் சீமைச் சரக்கு. துரைமார் விட்டுப் போனவை மெட்ராஸில் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது அகப்படும். அச்சடித்த அட்டை, மெல்லிய மரச்சீவல், நான்கைந்து ஜோடிச் சக்கரம், ஒரு குறிப்புத் தாள், அவ்வளவுதான். வெட்டி, ஒட்டி, சாயம் பூசினால் ஒரு பெட்டி. அளவு தெரிய வேண்டுமானால் புத்தகம் வேண்டும். பெட்டிகளின் நீள அகலம், ஜன்னல் எண்ணிக்கை எல்லாம் படத்தோடு போட்ட தடித்த புத்தகங்கள். மெயின்லேண்டுக்குப் போகிறவர்களிடமெல்லாம் சீட்டு எழுதிக் கொடுப்பேன். அவர்கள் என் சீட்டை மட்டும் மறந்துவிடுவார்கள்.

மனைவி தீவிலேயே பிறந்தவள். கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலேயே வந்து சேர்ந்த குடும்பம். வீட்டில் பேச்சு ஹிந்தி, தமிழ் அடுப்படியில் மட்டும் மிச்சம் இருந்தது. அவளுக்குத் தெரிந்த தண்டவாளம் ஒன்றே ஒன்று. சாத்தம் மரமில்லில் கட்டைகளை ஏற்றித் தள்ளுகிற டிராலிக்குப் போட்டது. கல்யாணமான புதிதில் என்னிடம் கேட்டாள், "ஏங்க, நிஜ ரயிலும் அப்படித்தான் கிரீச்சுன்னு கத்துமா?" நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். பாவம், முழுவதையும் கேட்டாள்.

எட்டு மாதம் மழை பெய்கிற ஊரில் அட்டையும் புத்தகமும் என்ன ஆகும்? என் ரயில்களை உயிரோடு வைத்திருந்தவள் அவள்தான். வெயில் எட்டிப் பார்த்தால் புத்தகங்களைத் துணியோடு சேர்த்துக் காயப்போடுவாள். பூஞ்சை பிடித்த பக்கத்தைக் கரி இஸ்திரிப் பெட்டியின் சூடு படுகிற மாதிரி அருகில் பிடிப்பாள். இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் படம் பார்த்துப் பார்த்து எந்தப் பெட்டிக்கு எத்தனை ஜன்னல் என்று எனக்கு முன்னால் சொல்லுவாள். பெட்டியின் பக்கவாட்டில் வருகிற மஞ்சள் கோட்டைத் தென்னை ஈர்க்கின் நுனியால் இழுப்பாள், கை கொஞ்சமும் நடுங்காது. என் கை நடுங்கும். ஆனால் யாராவது பார்க்க வந்தால் நான் கட்டியது என்றுதான் சொல்லுவேன்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஜன்னலோரம் உட்கார்ந்து ரயிலில் போக வேண்டும். எங்கே போகிறது என்பதுகூட முக்கியமில்லை. அடுத்த லீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். லீவும் வந்தது. கப்பலில் அடித்தட்டில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸில் இரண்டு இடம் கிடைத்தது. அவள் பக்கத்து வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இரவல் வாங்கித் துடைத்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. ரிடையரான ஒரு ரயில்வே பெரியவர், தன்னிடம் உள்ள புத்தகங்களை நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே ஒரு கணக்கும் மனதில் ஓடியது. அவள் வந்தால் சொந்தக்காரர் வீடு, கோயில், துணிக்கடை. தனியாகப் போனால் நாள் முழுக்க ஸ்டேஷனில் நின்று டேப் வைத்துப் பெட்டிகளை அளக்கலாம். கைதி வம்சம் என்று என் ஊரார் பேசுவார்களே என்று பயந்து அவளை விட்டுப் போனேன் என்று சொன்னாலாவது ஒரு காரணம் இருக்கும். அதுவும் இல்லை. என் இஷ்டத்துக்குச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தீவில் சாட்சி வேண்டாத பொய் ஒன்று உண்டு: "கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை." மச்சினன் கல்யாணத்துக்குப் போகாதவனும் அதையே சொல்லுவான், பங்காளி வீட்டுச் சாவுக்குப் போகாதவனும் அதையே சொல்லுவான். எப்போதோ ஒரு கப்பல், அதற்கு ஊர் முழுக்க வரிசை. அதனால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். நான் கவுண்டருக்குப் போய் அவள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே ஒல்லியாக, முன்பின் தெரியாத ஒருவர் இருந்தார். வீட்டுக்கு வந்து, "ஒரு டிக்கெட்தான் கன்ஃபர்ம் ஆச்சு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். "சரி, நீங்க போயிட்டு வாங்க. புத்தகத்தை நனையாம கொண்டு வாங்க" என்றாள். டிரங்குப் பெட்டியை என் சட்டைகளால் நிரப்பிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது நான்கு புத்தகங்களும், பிரிக்காத ஒரு பயணிப் பெட்டி கிட்டும் கொண்டுவந்தேன். அவள் முதலில் கேட்டது, "கிட்கி பக்கம் உக்காந்தீங்களா?" ஜன்னலைத்தான் அப்படிச் சொல்லுவாள். மதுரை வரைக்கும் ஜன்னலோரம்தான் என்றேன். "அச்சா" என்று தலையாட்டிவிட்டுச் சோறு போட்டாள். எனக்குச் சோறு இறங்கியது. இன்றைக்கு நினைத்தால் அதுதான் ஆத்திரமாக வருகிறது.

அந்தப் பெட்டியைக் கட்டி முடிக்க நான்கு மாதம் ஆனது. உள்ளே சீட்டுகள்கூட உண்டு. கூரை ஒட்டுவதற்கு முன் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் ஜன்னலோரச் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தீக்குச்சியில் உடம்பு, மிளகில் தலை, அவளுடைய பச்சைப் புடவையின் ஓரத்தில் கிழித்த துணுக்கு சுற்றியிருந்தது. நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஆமாம், அளந்தேன்.

"இது ஸ்கேல் தப்பு. இந்தக் கணக்குக்கு நிஜத்தில் எட்டடி உயரம் வரும். தலை கூரையில் இடிக்கும்" என்றேன்.

"எட்டடியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சாமணத்தால் அந்தப் பெண்ணை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கூரையை ஒட்டினேன். அவள் அதைப் பட்டன் போட்டு வைக்கிற டப்பாவில் போட்டு மூடினாள்.

ஐந்தாறு வருஷம் போனது. ஒவ்வொரு லீவுக்கும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது, சில சமயம் டிக்கெட் நிஜமாகவே கிடைக்கவில்லை. புரோத்ராபூரில் அவள் உறவில் ஒரு கல்யாணம். அந்த ஊரில் யாரைத் தொட்டாலும் அவளுக்கு ஏதாவது ஒரு முறை வரும். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். எங்கோ பார்த்த முகம்.

"ஜீஜாஜி, ஞாபகம் இருக்கா? நான் தீதிக்கு, அதான் உங்க வீட்டம்மாவுக்கு, சித்தப்பா பையன். பாராடாங்கில இருந்து மாத்தலாகி வந்த புதுசு, டிக்கெட் கவுண்டர்ல இருந்தேன். உங்க கல்யாணத்துக்கு வரலை, அதான் உங்களுக்குத் தெரியலை. பேரைப் பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுது" என்றார். என் கையில் சோறு அப்படியே நின்றது.

"தீதி டிக்கெட்டை வாபஸ் பண்ணினீங்களே, உடம்பு தபியத் சரியில்லையோன்னு அன்னைக்குச் சாயந்தரமே வீட்டுக்குப் போனேன். நீங்க இல்லை. தீதிதான் சொல்லிச்சு, கப்பல்னா எனக்கு பயம், நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்னு." அவர் சிரித்தார். "தீவுல பிறந்துட்டுக் கப்பலுக்கு பயமா!"

நான் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயந்தரமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பொய் சொன்னதற்கும் கப்பல் ஏறியதற்கும் நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் தெரிந்துகொண்டே என் சட்டைகளை மடித்திருக்கிறாள். தெரிந்துகொண்டே கிட்கி பக்கம் உட்கார்ந்தீர்களா என்று கேட்டிருக்கிறாள். தெரிந்த பிறகுதான் அந்தத் தீக்குச்சிப் பெண்ணையும் செய்திருக்கிறாள். நான் அதை அளந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டன் டப்பாவிலிருந்து பச்சைப் புடவைக்காரியை எடுத்தேன். பெட்டியின் கூரையைப் பிளேடு வைத்து அறுத்து எடுத்து, அவளை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தேன். மன்னிப்பு என்று வாயைத் திறந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளே புரிந்துகொள்ளட்டும் என்று இது. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "கூரை இல்லாம மழைக்கு என்ன பண்ணுவா?" என்றாள்.

நானும் விடவில்லை. வரிசையில் நின்று, ஆபீசில் கெஞ்சி, அடுத்த கப்பலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். மதுரை வரை ஜன்னலோரம் அவளுக்கு, எழும்பூரில் யாரோடு சண்டை போட்டாவது பிடித்துவிடுவேன் என்று முடிவு செய்துகொண்டேன். இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, எல்லாம் தீர்ந்துவிட்டது போல.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆபீசிலிருந்து வந்தேன். கட்டிலில் அதே இரவல் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே என் சட்டைகள் மட்டும். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு டிக்கெட்தான் இருந்தது.

"உன்னோடது எங்கே?" என்றேன்.

அவள் என் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை, சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

"ஒரு டிக்கெட்தான் கன்ஃபர்ம் ஆச்சுங்க" என்றாள்.

நான் மேலே கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.