பூர்வீகம் எந்த ஊருங்க?

1967 பிப்ரவரி 5, ஞாயிறு. குளித்துப் பேப்பர் பார்த்துவிட்டு, எங்கள் மில்லுக்கு வந்திருந்த அமெரிக்க இன்ஜினீயரின் மனைவியையும் மகளையும் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். மகள், போருக்குப் பின் கொரியாவில் தத்தெடுத்த குழந்தை. இப்போது பதினைந்து வயது. வட்ட முகம், இடுப்பு வரை நேரான கருங்கூந்தல். எதற்கும் பதில் சொல்லுமுன் தாயின் முகத்தைப் பார்ப்பாள்.

"அவள் பிறப்பைப் பற்றிக் கேட்டால் மொழிபெயர்க்காதீர்கள். வருத்தப்படுவாள்" என்று காரிலேயே தாய் சொல்லியிருந்தார்.

பந்தியில் பரிமாறிய பெண் வீட்டுக்காரம்மா, "ஏனுங் கண்ணு, நீங்க என்ன கூட்டம்? பூர்வீகம் எந்த ஊருங்க?" என்று அந்தச் சிறுமியிடம் கேட்டார். குலமும் ஊரும் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மொழிபெயர்க்காமல் தாயைப் பார்த்தேன்.

"பொண்ணு கேக்க வரலீங்க, பயப்படாமச் சொல்லச் சொல்லுங்க!" என்று சிரித்தார்.

"என்ன கேட்கிறார்?" என்றாள் அவள். சொல்லிவிட்டேன்.

இம்முறை அவள் தாயைப் பார்க்கவில்லை. "கொரியாவிலும் குடும்பப் பெயரோடு பூர்வீக ஊரைச் சொல்வார்களாம். நூலகத்தில் தேடிப் படித்தேன். என்னுடையதுதான் தெரியவில்லை."

தாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் தமிழில் சொன்னதும், "தெரியாட்டி என்னுங்க? போயிக் கேட்டுப்போட்டு வரோணும்" என்று பாயசம் ஊற்றினார் வீட்டுக்காரம்மா. அதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

திரும்பும்போது பின்சீட்டில் தாயும் மகளும் வழிநெடுகத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் தாய் வந்து நின்றார். அவர் கேட்டபடி, அவர்கள் ஊர் திரும்பும் டிக்கெட்டைக் கொரியா வழியாக மாற்றித் தரும்படி பம்பாய் விமானக் கம்பெனிக்குத் தந்தி கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் மற்ற வேலைகள்.