அம்மா மாதம் ஒருமுறை கண்ணால் பார்க்கும் பணம்

போன சனிக்கிழமை அம்மா என்னை ராசா வட்டாரத்தில் இருக்கும் பேங்க் மெஷினுக்குக் காரில் அழைத்துப் போகச் சொன்னார். போனோம். கைப்பை நிறைய நோட்டோடு திரும்பி வந்து, காருக்குள் உட்கார்ந்து நிதானமாக எண்ணினார். இரண்டாயிரம் மலேசிய வெள்ளி.

"யாருக்கும்மா இவ்வளவு?"

"யாருக்கும் இல்ல. திங்கக்கிழமை திரும்ப போட்டுடுவேன்."

"அப்ப எதுக்கு எடுத்தீங்க?"

"பாக்கத்தான்."

என்ன சொல்வீர்கள் நீங்கள்? நான் காரைக் கிளப்பினேன்.

கதை இதுதான். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். இந்த வருஷத்தோடு கேண்டீன் குத்தகை முடிகிறது. அதற்குப் பிறகு ரஹாங்கில் சொந்தமாக ஒரு சாப்பாட்டு ஸ்டால் போட வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கான பணத்தைத்தான் போன தீபாவளியிலிருந்து ஒரு முதலீட்டு ஆப்பில் பங்குகளாக வாங்கிச் சேர்க்கிறார். கேண்டீனில் கூட வேலை செய்யும் அக்கா சொல்லிக் கொடுத்து, தானே போனில் போட்டுக்கொண்டது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எனக்குத் தெரியாத ஒன்று — ஒவ்வொரு சம்பள நாளுக்கும் முன்னால் எல்லாப் பங்கையும் விற்றுவிடுகிறார். பணம் பேங்குக்கு வந்ததும் மெஷினில் எடுக்கிறார். வீட்டில் சாமி விளக்குக்கு முன்னால் வைக்கிறார். பிறகு மறுபடியும் போட்டு, அதே பங்குகளை வாங்குகிறார். மாதாமாதம்!

வீட்டுக்கு வந்ததும் ஆப்பைத் திறந்தேன். முதலில் அது உரிமம் உள்ளதா என்று பார்த்தேன். உள்ளதுதான். அடுத்து கட்டணப் பக்கம். பெரிய எழுத்தில், நூறு வெள்ளிக்குப் பத்து காசு. அடேயப்பா, எவ்வளவு மலிவு! அதற்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னொரு வரி... ஒரு தடவைக்குக் குறைந்தபட்சம் எட்டு வெள்ளி.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் புரியாது. விற்க எட்டு. வாங்க எட்டு. அரசாங்கத்துக்கு முத்திரை வரி தனி. விற்ற விலையிலேயே திரும்ப வாங்க முடிகிறதா? சில மாதம் முடிவதில்லை — அதுவும் ஒரு செலவுதான், எந்தப் பக்கத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். பேங்குக்கு எடுக்க மட்டும் கட்டணம் இல்லை.

கூட்டிப் பார்த்து அம்மாவிடம் காட்டினேன்.

"இருநூறு வெள்ளி கிட்ட போயிருக்கும்மா."

அம்மா பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ரெண்டு வாய் கேஸ் அடுப்பு அந்த விலைதான் லா," என்றார்.

அந்தக் குரல் என்னைச் சங்கடப்படுத்தியது. அதனால் இன்ஜினியர் மாதிரிப் பேச ஆரம்பித்தேன். "ஏம்மா, பணம் எங்கேயும் போகாது. ஆப்பைத் திறந்தாலே தெரியுமே. இதோ பாருங்க, உங்க பேர்லயே இருக்கு."

"கோமதி கிட்டயும் இருந்துச்சு பாப்பா."

கோமதி யார் என்று சொல்லிவிடுகிறேன். கோலா கிளாவாங் போகும் வழியில் நாங்கள் இருந்த தோட்டத்தில் கூட்டு என்கிற சீட்டுப் பிடித்தவர். சம்பள நாளில் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போடுவார்கள். முறை வைத்து மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். அம்மாவின் முறை வந்த மாதம் கோமதி வீடு பூட்டிக் கிடந்தது.

"அவ கணக்கு நோட்டுலயும் என் பேரு இருந்துச்சு. எல்லார் பேரும் இருந்துச்சு. நோட்டுல இருந்தது கையில வரல. அன்னிக்கு முடிவு பண்ணேன். யாரு கிட்ட குடுத்தாலும் சரி, மாசத்துல ஒரு நாள் கண்ணால பாத்துடணும்."

நான் என் பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது... ஒரு வரி மட்டும் விட்டுப்போயிருந்தது. பதினாறு வெள்ளிக்கு அம்மா என்ன வாங்கினார்? ஒரு மாதத் தூக்கம்.

கட்டணத்தைப் புரிந்துகொள்வது என்றால் எவ்வளவு என்று கேட்பது மட்டும்தானா? எதற்குக் கொடுக்கிறோம் என்றும் கேட்க வேண்டாமா? நம்மில் பலர் பயத்துக்குத்தான் பணம் கட்டுகிறோம். விலை ஏறும்போது ஒரு பயம், இறங்கும்போது ஒரு பயம். ஒவ்வொரு பயத்துக்கும் எட்டு எட்டாக எடுத்துக்கொள்ள ஆப் தயாராகத்தான் இருக்கிறது.

பயப்படாதீர்கள் என்று சொல்லி அம்மாவின் பயத்தைப் போக்க முடியாது. மலிவான வழி ஒன்றைக் காட்டலாம், அவ்வளவுதான்.

"அம்மா, பங்கை விக்க வேணாம். இருபது வெள்ளிய மட்டும் பங்கு வாங்காம ஆப்புலயே சும்மா வச்சிருங்க. சம்பள நாள்ல அதை எடுத்துப் பாருங்க. எடுக்கக் கட்டணம் கிடையாது. மிச்சத்துக்கு வருஷத்துல ஒரு தடவை வித்துப் பாக்கலாம், நானும் கூட வரேன்."

"இருபது வந்தா ரெண்டாயிரமும் வருமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆனா கதவு திறந்திருக்குன்னு தெரியும்."

அம்மா யோசித்தார். "கோமதி வீட்டுக் கதவத் தட்டிப் பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்," என்றார். சிரித்தார் கூட.

திங்கட்கிழமை பணம் ஆப்புக்குத் திரும்பியது. இருபது வெள்ளியை ஒதுக்கிவிட்டு மற்றதற்குப் பங்கு வாங்கினோம். எட்டு வெள்ளி போனதை இருவரும் சேர்ந்தே பார்த்தோம். புதன்கிழமை சம்பள நாள். அந்த இருபதைக் காலையிலேயே ஆப்பிலிருந்து பேங்குக்கு மாற்றியிருந்தோம். வேலை முடிந்து அம்மாவை அதே மெஷினுக்குக் கூட்டிப் போனேன். இருபது வெள்ளி நோட்டு ஒன்று வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"இருக்கு லா," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த நோட்டை என் சட்டைப் பையில் திணித்தார்.

"என்னம்மா இது? திரும்பப் போடணும்ல?"

"வேற இருபது போட்டுக்கறேன். நீ பெட்ரோல் ஊத்திக்க. வாரா வாரம் என்னை ஏத்திக்கிட்டுச் சுத்துற, உனக்கு மட்டும் கட்டணம் கிடையாதா?"

இந்தக் கட்டணத்துக்கு நான் விளக்கம் எதுவும் கேட்கவில்லை.