புத்தகம் மூடியிருந்த மதியம்

படிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் என் மகளை அவள் அப்பா அடித்தார். அவளோ அந்த நேரத்தில்தான் உண்மையாகப் படித்துக்கொண்டிருந்தாள். மாதங்கள் போய்விட்டன. இப்போதுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் வேறொரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீடு மண்ணரை என்ற பகுதியில். மகள் பிளஸ் ஒன். அந்த வாரக் கடைசியில் உயிரியல் தேர்வு.

மெஷின் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது, சத்தம் நின்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. தையல் லைனில் மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவார்கள். அதேபோல் எங்கள் ஹாலிலும் ஒரு பலகையை மாட்டி, மணிக்கு இத்தனை பக்கம் என்று எழுதிவைத்தார். பிழையாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பதை ஆல்டர் என்பார்கள். மகள் தப்பாகச் சொல்லும் பதிலும் வீட்டில் ஆல்டர்தான். ஆல்டர் ஆனால் மரஸ்கேலால் அடி.

வாய் ஓயாமல் வாசித்தால் அடி குறையும் என்று அவள் கண்டுகொண்டாள். சத்தம் வந்துகொண்டே இருந்தது, மனதில் ஒன்றும் தங்கவில்லை. பள்ளியில் உயிரியல் டீச்சர்தான் வழி சொன்னார். கொஞ்சம் படி, புத்தகத்தை மூடு, பார்க்காமல் சொல், சிக்கிய இடத்தை மட்டும் திறந்து பார். ஒரு நாள் விட்டு மறுபடி சொல். வரிசை மறந்தால், தெரிந்த தெரு ஒன்றை மனதில் நினைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒன்றாக வைத்துக்கொள்.

அவள் எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டாள். சிறுநீரகப் பாடம் முழுவதும் அதில் இருந்தது.

"பேக்கரி வாசல்தாம்மா பௌமானின் கிண்ணம். எலாஸ்டிக் கடை சந்துல சுத்தி வந்தா அயர்ன் கடை. அதுதான் ஹென்லே வளைவு."

"அப்ப நம்ம ஊடு?"

"சேகரிப்பு நாளம். மூத்திரமெல்லாம் இங்கதான் வந்து சேருது."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஞாயிறு மதியம் அவர் ஓவர்டைம் முடித்து வந்தபோது, அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மூடிய புத்தகம், கண்ணும் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"என்ன பண்ற?"

"படிச்சுட்டு இருக்கறனுங்கப்பா."

"பொஸ்தகமும் மூடிக் கெடக்குது, கண்ணும் மூடிக் கெடக்குது. கனவுல படிக்கறயா?"

"இப்படிச் சொல்லிப் பாத்தாத்தான் மனசுல நிக்குதுங்கப்பா."

"மிசினை ஆஃப் பண்ணிப்போட்டு புரொடக்சன் காட்டறவள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

அறை விழுந்தது. அவள் தலை சுவரில் மோதிய சத்தம் சமையலறைக்குக் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் ஸ்கேலை எடுத்துவிட்டார். தோளில், முழங்காலில், விரல்களில். "சொல்லு! படிச்சயல்ல, சொல்லு!" அவளும் சொல்ல ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே மறுபடி காதோடு சேர்த்து அறைந்தார். நான் நடுவில் விழுந்தேன். ஸ்கேல் என் மணிக்கட்டில் பட்டு உடைந்தது. அவள் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிய பிறகுதான் அவர் கை நின்றது. அப்போதும் பலகையைப் பார்த்துக் கேட்டார், "இன்னைக்கு டார்கெட்ட யாரு முடிக்கறது?"

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். செவிப்பறை கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். எப்படி என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். "அவங்கப்பா அடிச்சாருங்க," என்றேன். போலீசுக்குப் போகலாமா என்று வெளியே வந்து கேட்டேன். "பரீட்சை முடியட்டும்மா. இப்பப் போனா அதே நெனப்பா இருக்கும்," என்றாள்.

என்னோடு வேலை செய்யும், தூத்துக்குடிப் பக்கத்துத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போனோம். ரத்தக்கறையைப் பார்த்தாள். "ஏட்டி, உள்ள வா மொதல்ல."

மறுநாள் மகள் புத்தகத்தை மூடி, கண்ணை மூடினாள். உடனே திறந்துவிட்டாள்.

"பேக்கரி வாசலுக்குப் போனாலே அடி விழுகுதும்மா. அதுக்கு மேல தெருவே இல்ல."

மற்ற பாடங்களையும் அந்தத் தெருவில்தான் வைத்திருந்தாள். முஷ்டியால் தன் தலையிலேயே குத்திக்கொண்டாள். நான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடப் படிப்பு அந்த ஒரே அடியில் போய்விட்டதோ என்று பயந்தேன்.

தோழி வெங்காயம் உரித்தபடி கேட்டாள், "அப்படி என்னதாம்ட்டி பாடம் அது? எனக்குச் சொல்லு பாப்போம்."

மகள் வேண்டாவெறுப்பாகச் சொன்னாள்.

"மூத்திரம் எதுக்கு இவ்வளவு சுத்திக்கிட்டு வருது? நேரா வந்தா என்னவாம்?"

"நேரா வந்தா ஒடம்புத் தண்ணியெல்லாம் போயிரும்க்கா. சுத்துற வழியில திரும்ப உறிஞ்சிக்கணும்ல?"

"சரி, எங்க உறிஞ்சுது?"

தெரு இல்லாமலேயே வரிசை வந்தது. தோழி மற்ற பாடங்களுக்கும் கேள்வியை நிறுத்தவில்லை. சிக்கிய இடத்தில் மகள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

தேர்வுக்கு முந்தின நாள் அவள் அப்பா எங்களைத் தேடி வந்தார். கதவை உதைத்துத் திறந்து, அவள் சடையைப் பிடித்து வாசல்வரை இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். பல்லில் ரத்தம் கரித்தது. தோழி கடப்பாரையோடு நின்றாள். "அண்ணே, இன்னொரு எட்டு வச்சீருன்னா, காலு இருக்காது பாத்துக்கிடும்." அவர் ஹெல்மெட்டை வீசினார். ஜன்னல் கண்ணாடி பாய் மேல் கொட்டியது. அக்கம்பக்கம் கூடியதும் வண்டியை எடுத்தார். "பெயிலானா என் வாசப்படி மிதிக்கக் கூடாது," என்று கத்திவிட்டுப் போனார்.

மறுநாள் காதில் பஞ்சோடு தேர்வு எழுதினாள். நான் கேட்டுக்கு வெளியே காத்திருந்தேன். வந்து, "ஒரு கேள்வி விட்டுட்டேன். மத்ததெல்லாம் எழுதிட்டேன்மா," என்றாள். ஆட்டோவில் ஏறியதும் எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "மகளிர் போலீஸ் ஸ்டேசனுங்க."

அங்கே பெண் காவலர் நடந்ததைச் சொல்லச் சொன்னார். மகள்தான் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.