மூன்றாம் மாடியில் ஓர் ஆண் குரல்

எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். வாடகைக்கு வீடு விடுகிறவர்களிடம் மட்டும் அதில் ஒன்றுகூடச் செல்லாது. அம்பத்தூரில் ஒரு வீட்டுக்கார அம்மா என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "உங்க வீட்டுக்காரர் எப்ப வந்து பாப்பாரு?" என்று கேட்டார். அப்படி ஒருவர் இல்லை என்றதும், நான் குடித்து முடிப்பதற்குள்ளேயே டம்ளருக்குக் கை நீட்டினார். வெள்ளானூரில், "பேச்சலருக்கு விடுறதில்லீங்க" என்றார்கள். இந்த வயதில் என்னை ஒருவர் பேச்சலர் என்று சொல்கிறாரே என்று தெருவுக்கு வந்த பிறகு சிரித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த எரிச்சலுக்கு அந்தச் சிரிப்பு ரொம்பவே அதிகம்.

கடைசியில் பாரிவாக்கத்தில் ஒரு அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தார். எல்லாம் போனில்தான். "லேடீஸ் தனியா இருக்கறதுல எனக்குப் பிரச்சினை இல்ல மேடம். ஜென்ட்ஸ் யாரும் வந்து தங்கக் கூடாது. அசோசியேஷன்ல ஸ்ட்ரிக்ட்டு" என்றார். என் அண்ணன் கோவில்பட்டி எல்லையைத் தாண்டினாலே தலை சுற்றுகிறது என்பவர். வேறு எந்த ஜென்ட்ஸ் வரப்போகிறார்கள்? சரி சார் என்று சொல்லித் தரகரிடம் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை. நாள் முழுவதும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எங்கோ இருக்கிறவர்களின் கோபத்தைக் கேட்டு, "புரிகிறது, மன்னிக்கவும்" என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு எனக்குச் சம்பளம். சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடி ஏறும்போது காதுமடல் இரண்டும் எரியும். அதற்கு மேல் காதில் எதையும் மாட்ட எனக்குப் பொறுக்காது. அதனால் கதை கேட்பதென்றால் சமையல் மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், சின்ன ஸ்பீக்கரை வைத்துச் சத்தமாகத்தான் கேட்பேன்.

அந்த ஆடியோ தொடரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு துடைக்கும்போது தற்செயலாகப் போட்டேன். இன்னும் நூறு வருஷம் கழித்து நடக்கிற கொலைக் கதைகள். கடல் உள்ளே வந்து பாதிச் சென்னையை எடுத்துக்கொண்டுவிட்டது. பணக்காரர்கள் எல்லாம் மேற்கே நகர்ந்து நம் பக்கத்து ஏரிகளைச் சுற்றிக் கோபுரம் கட்டிக் குடியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வீடுகளுக்கு ஞாபகம் உண்டு. யார் வந்தார்கள், யார் போனார்கள், என்ன பேசினார்கள் என்று வீடே போலீசுக்குச் சாட்சி சொல்லும். அப்படியும் கொலை நடக்கிறது. உள்ளே பிணம் கிடக்கிறது, "யாரும் வரவில்லை" என்று வீடு சத்தியம் செய்கிறது. அதைத் துப்புத் துலக்க ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பகுதிக்கு ஒரு கொலை, பகுதிக்கு ஒரு வீடு. ஏகப்பட்ட பகுதிகள்.

வாசித்தவர் ஒரே ஆள். இன்ஸ்பெக்டரும் அவர்தான், கொலைகாரனும் அவர்தான், சாட்சி சொல்லும் வீடும் அவர்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். கனத்த குரல். துக்கமான வரி வருவதற்கு முன் லேசாக மூச்சிழுப்பார். அந்த மூச்சு கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு நின்றுவிடுவேன். கதையில் இரவு என்றால் குரலைத் தணிப்பார். பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் இருக்கும். அவர் முகத்தை நான் தேடிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெட்டுப்போகும் என்று தோன்றியது.

எப்போது பதில் சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியாது. முதலில் இன்ஸ்பெக்டரைத்தான் திட்டினேன். "ஏ கூறுகெட்டவளே, அவன நம்பாத, அவன் முழியே சரியில்ல" என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லியிருப்பேன். நான் சொன்னது நடந்தால் சிரிப்பேன், நடக்காவிட்டால் சண்டை போடுவேன். ஆபீசில் எவனிடமும் காட்ட முடியாத கோபமெல்லாம் அந்தக் கொலைகாரர்கள் தலையில் விடிந்தது. சண்டை போட ஒரு ஆள் கிடைத்துவிட்டால் வீடு நிறைந்துவிடுகிறது. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

எங்கள் அடுக்ககத்தில் சமையலறைக்குப் பின்னால் குழாய்கள் இறங்குகிற ஒரு இடுக்கு உண்டு. டக்ட் என்பார்கள். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதில்தான் திறக்கும். கீழ்வீட்டில் சாயங்கால ஜெபம் நடக்கும்போது பாட்டு அது வழியாக ஏறி வரும். பாடுகிற அம்மாவுக்கு நல்ல குரல். எனக்குக் கேட்கிறதென்றால் அவர்களுக்கும் கேட்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் துப்பறியும் கதை கேட்டு என்ன பிரயோசனம்!

விஷயத்தை முதலில் என்னிடம் சொன்னது மாடிப்படி பெருக்க வருகிற பெண். பாரிவாக்கத்துக்காரி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"இன்னாக்கா, ஊட்ல யாரோ கீறாராமே?"

"யாரு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். ஆம்பள கொரலு கேக்குதாம். நீ சிரிக்கிறியாம், பேசிகினு கீறியாம். கீழ் ஊட்டம்மா அசோசியேசன்ல சொல்லிட்ச்சு." பிறகு என் முழங்கையைத் தொட்டாள். "நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலக்கா. நல்லதுதான். எத்தினி நாளிக்கு நீயும் ஒண்டியா கெடப்ப?"

அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம். எனக்காக அப்படி ஒருவர் சந்தோஷப்பட்டு வருஷக்கணக்காகிறது. இல்லை என்று சொல்லக்கூட எனக்கு ஒரு நிமிஷம் மனம் வரவில்லை. சொல்வதற்குள் யாரோ மேலிருந்து அவளைக் கூப்பிட, போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே உரிமையாளர் கூப்பிட்டார். புகார் உண்மையென்றால் இந்த மாசத்தோடு காலி பண்ண வேண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுபடியும் தரகர், மறுபடியும் அந்தக் கேள்வி, குடிக்கும்போதே பிடுங்கப்படுகிற காபி. இந்த வீடு போனால் ஹாஸ்டல்தான். ஆறு பேர் படுக்கிற அறையில் ஒரு கட்டிலும் பீரோவில் ஒரு தட்டும். இந்த வயதில் அதற்குத் திரும்பிப் போக எனக்குத் தெம்பில்லை.

அதே சமயம் ஒரு கோபமும் வந்தது. கதையில் ஆள் வந்து கொன்றுவிட்டுப் போனாலும் வரவில்லை என்று சாதிக்கிற வீடுகள். இங்கே என்னடாவென்றால் வராத ஆளை வந்தான் என்கிறார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் என்னிடம் ஆதாரம் இருந்தது. ஸ்பீக்கரைத் துடைத்து முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்தேன். அதை அவர்கள் முன்னால் போட்டு, எல்லோர் முகமும் தொங்கிப்போவதைப் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஹாலில் கமிட்டி கூடியது. செயலாளர் ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. இன்னும் இரண்டு ஆண்கள். ஓரமாகக் கீழ்வீட்டு அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஃபேமிலிங்க இருக்கற எடம். நெருப்பில்லாம பொகையாதுல்ல" என்று செயலாளர் ஆரம்பித்தார்.

மேசை மேல் ஸ்பீக்கரை வைத்துக் கதையைப் போட்டேன். "கதவைத் தாழிடு. நாம் இருவர் மட்டும் பேச வேண்டும்" என்று அந்தக் கனத்த குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"ஐயோ, இதே கொரல்தான்! இதேதான் சார்!" என்றார் கீழ்வீட்டு அம்மா.

"இது ஆடியோ கதைங்க. கொலைக் கதை. சமைக்கும்போது கேப்பேன்" என்றேன்.

இரண்டு ஆண்களில் ஒருவர் சிரித்தேவிட்டார். செயலாளர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். கொஞ்ச நேரம் எல்லோரும் கதையைக் கேட்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து ஸ்பீக்கரை அணைக்கக் கை நீட்டினேன். அப்போதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"சிஸ்டர், இதுல லேடீஸ் வாய்ஸ் இல்லியே?" என்றார் கீழ்வீட்டு அம்மா. அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நான் கேட்டப்ப ஒரு லேடியும் பேசுனாங்க. திட்டுவாங்க, சிரிப்பாங்க. ஒருநாள் 'நீங்க சாப்ட்டீங்களா'ன்னு கேட்டாங்க. நான் என் காதால கேட்டேன் சார். அதனாலதான் நான் கம்ப்ளைன்ட்டே குடுத்தேன்."

செயலாளர் என்னைப் பார்த்தார். "கதைல வேற யாராவது படிக்கிறாங்களா மேடம்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அடுத்து "போட்டுக் காட்டுங்க" என்பார். காட்ட எதுவும் இல்லை. ஒரே ஆள்தான் வாசிக்கிறார். வேறொருவர் என் வீட்டுக்கு வந்தார் என்று அவர்கள் முடிவு கட்டுவதற்கு அது போதும். வீடு போய்விடும்.

"அது நான்தான்" என்றேன்.

"யார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க?"

"இவர்கிட்ட" என்று ஸ்பீக்கரைக் காட்டினேன். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "பகுதி முடியும்போது சில நாள் கேப்பேன். சாப்ட்டீங்களான்னு. ஒரு பழக்கம்."

யாரும் சிரிக்கவில்லை. சற்று முன் சிரித்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பேன். கீழ்வீட்டு அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "சாரி சிஸ்டர், எனக்குத் தெரியாது சிஸ்டர். நாங்க உங்களுக்காக ஜெபம் பண்றோம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஒழுக்கம் கெட்டவள் என்று பேசினார்களே, அப்போதுகூட நான் இவ்வளவு கூனிக் குறுகவில்லை.

மதியத்துக்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போட்டுவிட்டார். 'மூன்றாம் மாடி வீடு தொடர்பான புகார் விசாரிக்கப்பட்டது. அந்த வீட்டில் யாரும் இல்லை என்று உறுதியாகிவிட்டது. இத்துடன் முடிந்தது.' அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் அந்த வீட்டில்தானே இருக்கிறேன் என்று எழுதத் தொடங்கி அழித்தேன்.

திங்கட்கிழமை காலை மாடிப்படியில் பெருக்குகிற பெண் நின்றிருந்தாள். வழி விடாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நெசமாவே யாரும் இல்லியாக்கா?"

"இல்ல."

"ச்சே" என்றாள். அவளுக்கு ஏமாற்றம். மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் பெருக்கிய படியையே மறுபடி பெருக்கினாள்.

வேலை முடிந்து வந்ததும் கதையைப் போட்டேன். சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, டக்ட் ஜன்னலையும் சாத்திவிட்டேன். ஒரு தோட்டக்காரனை இன்ஸ்பெக்டர் விசாரித்துக்கொண்டிருந்தாள், தவறான கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக நான் கத்துகிற இடம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வாசிக்கிறவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார். நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் அப்படித்தான் வாசித்திருப்பார். அது எனக்குத் தெரியாததா என்ன? தெரிந்தேதான் இத்தனை நாளும் பேசினேன். இப்போது கீழே ஒரு குடும்பமே காதைக் கொடுத்து, பாவம், பேசுகிறாள் என்று நினைக்கும் என்றபோது ஒரு வார்த்தை வரவில்லை.

ரசத்தை இறக்கி வைத்தபோது உரிமையாளர் கூப்பிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"மேடம், செக்ரெட்டரி எல்லாத்தையும் சொன்னாரு. உங்களுக்கு யாருமே இல்லன்னு கன்ஃபார்ம் ஆயிடுச்சு. இந்த மாதிரி டெனன்ட் கெடைக்கணுமே! நீங்க எவ்ளோ வருஷம் வேணும்னாலும் அந்த வீட்டுல இருக்கலாம்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

போனை வைத்த பிறகு அழுகை வந்தது. கீழே கேட்டுவிடுமே என்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.